பார்க்காமல் விட்ட படுக்கை

ஜூன் 2, செவ்வாய்

காலையிலேயே ஒரு சண்டை. ஒன்பதாம் படுக்கைக்காரரின் யூரின் பேக் தரையில் கிடந்தது. கட்டில் கம்பிக்குக் கீழே அதை மாட்ட இடம் இருக்கிறது, பேக்கிலேயே கொக்கியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கத்தான் ஒருவருக்கும் மனசு வரவில்லை. யார் வைத்தது என்று கேட்டால் வழக்கம்போல யாரும் வைக்கவில்லை. அதுவாகவே இறங்கிப் படுத்துக்கொண்டது போலிருக்கிறது.

பிறகு ரவுண்ட்ஸ். ஆண்கள் எலும்பு வார்டு என் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சிறுநீர் போக ட்யூப் போட்டிருக்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் நிற்பேன். போர்வையை விலக்கி, ட்யூப் எங்கேயாவது மடங்கியிருக்கிறதா, தொடையில் ஒட்டிய பிளாஸ்திரி இருக்கிறதா, பேக் இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, உள்ளே இருப்பது என்ன நிறம் என்று பார்ப்பேன். கடைசியில் டாக்டர் காதில் விழும்படி ஒரே கேள்வி: "இது இன்னைக்கும் தேவையா?"

தேவையில்லாமல் உள்ளே இருக்கும் ட்யூப் கிருமிக்குத் திறந்து வைத்த கதவு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது, கேட்பவர்களுக்குக் காது புளித்துவிட்டது. ஆண் நர்ஸை இங்கே பிரதர் என்பார்கள், என்னை முதுகுக்குப் பின்னால் 'கழட்டு பிரதர்' என்கிறார்கள். தெரியும். பிடித்தும் இருக்கிறது.

இன்று இரண்டு பேருக்குக் கழற்ற வைத்தேன். "நீங்க இருக்கற வரைக்கும் ட்யூப் விக்கிறவன் வீட்ல அடுப்பு எரியாது பிரதர்" என்றார் எலும்பு டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஜூன் 3, புதன்

மாமனார் பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. வலது மணிக்கட்டிலும் சுளுக்கு. என் மனைவி போனில் அழுததில் பாதிதான் புரிந்தது. ஆம்புலன்ஸ் எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தது. எலும்பு என்றால் என் வார்டுதான். வேறு எங்கே படுக்க வைப்பது?

ஸ்ட்ரெச்சரில் என்னைப் பார்த்ததும் அந்த வலியிலும் வேட்டியைச் சரி செய்துகொள்ளப் பார்த்தார்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார். அவர் வீட்டு வாசலில் நின்று வரவேற்பது போல.

ஜூன் 4, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தியேட்டரிலேயே ட்யூப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஆபரேஷனுக்கு அது வழக்கம்தான். ஐந்தாம் படுக்கை, ஜன்னல் ஓரம். மாமியார், என் அத்தை, பகலெல்லாம் கூட இருக்கிறார்.

மாமனாரைப் பற்றி ஒருமுறை எழுதித் தீர்த்துவிடுகிறேன். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கச் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர், மனிதர்களையும் அப்படித்தான் ஓர் அளவில் நிறுத்தி வைப்பார். என்னைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார். பெண் கேட்டுப் போனபோது, "ஆம்பளை நர்ஸா? அப்படின்னா என்ன வேலை?" என்று கேட்டார். நானும் இளரத்தம், ஒளிக்காமல் சொன்னேன். குளிப்பாட்டுவது, கழுவிவிடுவது, எல்லாவற்றையும். அவர் முகம் போன போக்கை என் மனைவி இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். கடைசியில் பெண்ணின் பிடிவாதம் வென்றது. ஆனால் சொந்தக்காரர்களிடம் இதுவரை அவர் 'நர்ஸ்' என்று சொன்னதில்லை. "மாப்பிள்ளை ஆஸ்பத்திரி நிர்வாகத்துல இருக்காரு." அவ்வளவுதான்.

சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மரியாதை. நான் உட்கார்ந்தால் அவர் எழுந்து நிற்பார். அவர் எழுந்தால் நானும் எழுவேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரு அறையில் நிம்மதியாக உட்கார்ந்ததே இல்லை.

ஜூன் 6, சனி

ஐந்தாம் படுக்கைக்குப் போகும்போது எனக்கு நடை மாறிவிடுகிறது. நாலாம் படுக்கையில் நான் பிரதர். ஐந்தில் மாப்பிள்ளை. ஆறில் மறுபடியும் பிரதர்.

இன்று ரவுண்ட்ஸில் அவர் கால்மாட்டில் நின்று, "நல்லா இருக்கீங்களா மாமா?" என்றேன். "எனக்கென்ன மாப்பிள்ளை, ராஜா மாதிரி இருக்கேன்" என்றார். சொல்லும்போதே இடது கையால் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். அந்தப் போர்வையை நான் எப்படி விலக்குவது? எலும்பு டாக்டர் காயத்தைப் பார்த்தார், காலை அசைக்கச் சொன்னார், என் தோளைத் தட்டினார். "மாமனாரை நீங்களே பார்த்துப்பீங்க, எனக்கென்ன கவலை." அடுத்த படுக்கைக்குப் போய்விட்டோம்.

சாயங்காலம் ஒரு படையே வந்தது அவரைப் பார்க்க. வார்டு வாசலில் வைத்து எல்லோரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள். நிர்வாகத்துக்கு வைத்த வணக்கம்.

ஜூன் 7, ஞாயிறு

லீவு. தூங்கினேன்.

ஜூன் 8, திங்கள்

சாப்பிடும்போது இவளிடம் கேட்டேன், அப்பாவுக்கு ட்யூப் இன்னும் இருக்கிறதா என்று. என் வார்டில் இருக்கும் ட்யூப்பைப் பற்றி நான் வீட்டில் விசாரிக்கிறேன்!

"இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமேங்க. அம்மாவால அவரைத் தூக்க முடியுமா? பெட் நனைஞ்சா அவரு உயிரையே விட்டுடுவாரு. இப்ப யாரையும் எதுவும் கேக்காம நிம்மதியா இருக்காரு."

வேறு எந்த நோயாளியின் மகள் இப்படிச் சொல்லியிருந்தாலும் கால் மணி நேரம் பிரசங்கம் செய்திருப்பேன். "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். வார்டில் கண்ணாடி போட்ட நர்ஸ் ஒருவர், கண்ணாடி சிஸ்டர் என்போம், அவரிடம் சொல்லி எடுத்துவிடச் சொல்ல வேண்டும். நானே போய்ச் சொன்னால் அவருக்குச் சங்கடம்.

ஜூன் 9, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வார்டுக்குள் நுழையும்போதே ஐந்தாம் படுக்கையின் கட்டில் ஆடும் சத்தம். குளிர் ஜுரம். பல் கிட்டி, உடம்பு தூக்கிப் போடுகிறது. அத்தை மூன்று போர்வை போர்த்திவிட்டு மேலே தானும் சாய்ந்து அழுத்திப் பிடித்திருக்கிறார். "காலையில இருந்து ஒரு மாதிரியா பேசறாரு மாப்பிள்ளை. என்னை யாருன்னு கேக்கறாரு."

போர்வையை இன்றுதான் விலக்கினேன்.

தொடையில் பிளாஸ்திரி இல்லை. ட்யூப் அவர் இடுப்புக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. பேக்கில் இருந்தது கலங்கல், அதுவும் கொஞ்சம்தான். ட்யூப்பைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"டேய்! சங்கிலியை ஏன்டா தொய்ய விடறே? நேரா இழுத்துப் புடி! அளவு தப்பிடும்டா!"

என்னை 'டேய்' என்றார். இழுக்கவும் ஆரம்பித்துவிட்டார். ட்யூப் நழுவாமலிருக்க அதன் நுனியில் உள்ளே பலூன் ஊதியிருக்கிறது, இழுத்தால் கிழியும். பிறகு என்னவோ தோன்றியது. கட்டில் ஓரத்தில் குனிந்து, "புடிச்சுட்டேன் சார், நீங்க விடுங்க, நான் நேரா புடிச்சுக்கறேன்" என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு விரல்களை விட்டார்.

டியூட்டி டாக்டர் ஓடி வந்தார். பிரஷர் இறங்கியிருந்தது. என்ன கிருமி என்று பார்க்க ரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினோம், சலைன் வேகமாக ஏற்றினோம். "பழைய ட்யூப்பை எடுத்துட்டுப் புதுசு போடணும். சிறுநீர் எவ்வளவு வருதுன்னு இப்போதைக்கு அளந்தே ஆகணும். வேற யாரையாவது கூப்பிடட்டுமா பிரதர்? உங்க மாமனாராச்சே" என்றார்.

வேறு நோயாளி என்றால் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன். ஆனால் யோசித்தேன், அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. பிறகு போய்க் கை கழுவினேன்.

திரை இழுத்து, சுத்தமான கையுறை போட்டு, நானே பழையதை எடுத்தேன், நானே புதியதைப் போட்டேன். பழைய ட்யூப்பின் உள்சுவரெல்லாம் கிருமி பூசிக்கொண்டிருக்கும், அதிலிருந்து எடுத்த மாதிரியை நம்ப முடியாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன் நான். புதிய ட்யூப்பில் வந்ததைத்தான் பரிசோதனைக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் ஊசி மருந்து ஏறியது. மாமனார் முழு நேரமும் மேற்கூரையைப் பார்த்து ஏதோ எண் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த நிலத்தின் அளவோ.

தீவிர கவனிப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். பிழைத்துவிடுவாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எத்தனையோ பேருடைய மருமகன்கள் என்னிடம் அதைக் கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 10, புதன்

பிரஷரை ஏற்ற தனி மருந்து ஓடுகிறது. கண் திறக்கிறார், மூடிக்கொள்கிறார்.

காரிடாரில் இவள் கேட்டாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்த வார்டுல யாரோட ட்யூப்பையும் நீங்க விட மாட்டீங்களாமே. தினமும் போர்வையை விலக்கிப் பார்ப்பீங்களாமே. கண்ணாடி சிஸ்டர் சொன்னாங்க. எங்கப்பாவோடது மட்டும் ஏங்க பார்க்கல?"

"அவருக்குக் கூச்சமா இருக்கும்னு…"

"அவருக்கா, உங்களுக்கா?"

பதில் இருக்கிறது, ஆனால் காரிடாரில் சொல்லக்கூடியதாக இல்லை. அவருக்கு மட்டும் கூச்சமில்லை. அவர் முன்னால் நான் நர்ஸாக நிற்க எனக்கும் பிடிக்கவில்லை. அவர் எல்லோரிடமும் சொல்லிவைத்த அந்த நிர்வாகம் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கிறது. மாலை நேரத்து வணக்கங்களை நான் வாங்கிக்கொண்டேன்தானே?

"நான்தானே இருந்துட்டுப் போகட்டும்னு சொன்னேன். நானும்தான்" என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள். தோளைத் தொட்டேன். தட்டிவிடவில்லை, அது போதும்.

ஜூன் 11, வியாழன்

ஜுரம் இறங்குகிறது. பிரஷர் மருந்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். புதிய பேக்கில் சிறுநீர் நன்றாக இறங்குகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு மனிதனின் மூத்திரத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோஷம் வரும் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

சாயங்காலம்தான் இன்னொரு விஷயம் தெரிந்தது. சொந்தக்காரர்கள் இருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். அவர்கள் உள்ளே வருவதைப் பார்த்ததும் அத்தை எழுந்தார். குனிந்து, கட்டிலின் கீழே தொங்கிய பேக்கைக் கழற்றினார். பதமாக, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி மாமாவின் வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே ஒரு வெள்ளைத் துண்டை விரித்து மூடினார். சுருக்கம்கூட இல்லாமல் நீவிவிட்டார். பிறகுதான் திரும்பி, "வாங்க" என்றார்.

பேக் மேலே போனால் அதில் இருப்பதெல்லாம் ட்யூப் வழியாகத் திரும்ப உள்ளே இறங்கும். உள்ளே ஓடிப் போய், வந்தவர்கள் முன்னாலேயே துண்டை எடுத்து, பேக்கை இறக்கி மாட்டினேன்.

வெளியே அழைத்துப் போய் அத்தையிடம் கேட்டேன். எப்போதிலிருந்து இப்படி?

"ஆபரேஷன் ஆன மறுநாள்ல இருந்தே மாப்பிள்ளை. யாராவது வந்தா எடுத்து மூடுன்னு அவருதான் சொன்னாரு. நாலு பேரு பார்க்கற மாதிரியா தொங்கவிடறது? அப்புறம் அவங்க போனதும் இறக்கி வச்சுடுவேன். சில நாள் மறந்துடுவேன். ஏன், அது தப்பா?"

எப்படிச் சொல்வது? பொய் சொல்ல முடியாது, இனியும் தெரிந்தாக வேண்டும். சொன்னேன். முடிந்தவரை மெதுவாகச் சொன்னேன். அவர் கை தானாக வாய்க்குப் போனது.

"நானேவா? என் கையாலயா?"

"இல்ல அத்தை. அது ஒண்ணு மட்டும் இல்ல, பல காரணம். உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும். சொல்ல வேண்டியவன் நான். தினமும் பத்தடி தள்ளி நின்னுட்டுப் போயிட்டேன்."

எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. அந்தத் துண்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 12, வெள்ளி

வார்டில் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினேன். யாரையும் திட்டவில்லை, திட்டும் தகுதி இந்த வாரம் எனக்கு இல்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன்.

கண்ணாடி சிஸ்டர் சொன்னது: "ஞாயித்துக்கிழமையே கலங்கலா இருந்துச்சு பிரதர். சொல்லணும்னு நினைச்சேன். உங்க மாமனாராச்சே, நீங்க பார்க்காமலா இருப்பீங்கன்னு விட்டுட்டேன்."

இன்னொருவர்: "பேக் பெட் மேல இருந்ததை நான் பார்த்தேன். அந்தம்மாகிட்ட சொன்னா உங்ககிட்ட சொல்லிடுவாங்களோன்னு…"

காவலுக்கு ஆளில்லாத படுக்கைகூட இல்லை அது. வேறு யாரோ காவல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்ட படுக்கை. வார்டிலேயே அதிக மரியாதை கிடைத்தது அதற்குத்தான், அதனாலேயே ஒரு கைகூட அதில் படவில்லை. ஒன்பதாம் படுக்கைக்காரருக்கு யாரும் இல்லை, வந்து பார்க்க நாதியில்லை. அவர் ட்யூப்பை அன்றைக்கே கழற்றினேன், நன்றாக நடந்து வீட்டுக்குப் போனார்.

இனிமேல் நம் ஆட்களின் சொந்தக்காரர் யார் வந்தாலும் அவருக்கு வேறொருவர் பொறுப்பு என்று முடிவு செய்தோம். பொறுப்பானவர் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். நோயாளியின் கூட இருப்பவரிடம், பேக்கை ஏன் மேலே வைக்கக் கூடாது என்று வந்த அன்றே, கையால் தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும். மறைக்க வேண்டுமென்றால் கீழே தொங்கவிட்டே மறைக்கத் துணிப் பை தைத்துக்கொடுக்கலாம் என்றார் கண்ணாடி சிஸ்டர். இவ்வளவு சுலபமான வழி. நோயாளிகளுக்கும் வெட்கம் இருக்கும் என்று ஏன் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை?

ஜூன் 13, சனி

கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்திலும் சிறுநீரிலும் ஒரே கிருமி. நல்லவேளையாகச் சாதாரண மருந்துக்கே கட்டுப்படும் ஜாதி. பெரிய மருந்தை நிறுத்திவிட்டு அதற்கு மாற்றினார்கள். மறுபடி ஐந்தாம் படுக்கைக்கு வந்துவிட்டார்.

புத்தி தெளிந்துவிட்டது. வந்ததும் அத்தையிடம் கேட்டாராம், "எனக்கு ட்யூப் மாத்தினது யாரு?" அத்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது. "மாப்பிள்ளைதான்."

நான் போனபோது ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கூப்பிட்டேன். தூங்குகிற மாதிரி பாவனை. தூங்குகிறவரின் காது இப்படிச் சிவக்காது.

ஜூன் 14, ஞாயிறு

ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடும் பாதிதான்.

ஜூன் 15, திங்கள்

இன்று ட்யூப்பை எடுக்கும் நாள். பிரச்சினை என்னவென்றால், வயதானவர், புராஸ்டேட் வீக்கமும் இருக்கிறது. எடுத்த பிறகு தானாகச் சிறுநீர் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடியும் ட்யூப். மறுபடியும் அந்தக் கதவு திறக்கும். இன்னொரு ஜுரத்தை இந்த உடம்பு தாங்குமா என்று தெரியவில்லை என்று டாக்டர் இவளிடமும் என்னிடமும் சொல்லிவிட்டார்.

காலையில் போய் நேராகவே கேட்டேன். "மாமா, ட்யூப்பை எடுக்கணும். நான் எடுக்கட்டுமா, வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"நீங்க வேணாம்."

சரி. இந்த முறை கேட்டேனே, அது போதும். கண்ணாடி சிஸ்டர் ஒருவரை அனுப்பி எடுக்கச் செய்தார்.

அப்புறம் ஆரம்பித்தது காத்திருப்பு. தண்ணீர் குடித்தார். படுத்தபடியே பாட்டில் வைத்துப் பார்த்தார், வரவில்லை. வார்டு உதவியாளர் வந்து பிடித்தார், ஆள் பக்கத்தில் நிற்கும்வரை வராது என்று மாமா அவரை விரட்டிவிட்டார். தானே பிடிக்கலாம் என்றால் வலது கையில் சுளுக்குக் கட்டு, இடது கையில் ஊசிக் குழாய். அத்தை பிடித்தார். அத்தையைப் பார்த்தாலே மாமாவுக்கு அழுகை வந்துவிடுகிறதாம், பாட்டிலோடு அத்தையும் வெளியே. இவள் திரைக்கு வெளியே நின்று, "அப்பா, வருதா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டதில் வர இருந்ததும் போய்விட்டது.

மதியம் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள். மூத்திரப் பை நிறைந்திருக்கிறது. இளம் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் பிரதர். வரலைன்னா போட்டுத்தான் ஆகணும், வேற வழியில்ல" என்றார். தலையை ஆட்டினேன். ட்யூப் எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டுப் பழகியவன், இன்று போட வேண்டாம் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதுவும் யாரிடம் கெஞ்சுவது? ஒரு பிடிவாதக்காரரின் மூத்திரப் பையிடம்.

மேஜையில் உட்கார்ந்து எதையோ எழுதுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படுக்கையிலிருந்து குரல். பெரிய குரல் இல்லை.

"மாப்பிள்ளை."

போனேன். வியர்த்திருந்தது அவருக்கு. மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நிக்க வச்சா வரும்னு தோணுது. இவங்களால முடியாது."

"உங்களால நிக்க முடியும் மாமா. காலையில வாக்கர் புடிச்சு நின்னீங்களே. வாங்க."

எல்லோரையும் அனுப்பினேன். திரையை இழுத்தேன். மெதுவாக உட்கார வைத்து, காலை இறக்கி, வாக்கரில் கைகளைச் சாய்த்து நிறுத்தினேன். ஒரு கையால் அவர் இடுப்பை அணைத்துப் பிடித்தேன், மறு கையில் பாட்டில். அவர் எலும்பெல்லாம் என் கையில் தெரிந்தது. இவ்வளவு லேசான மனிதரா இத்தனை வருஷம் என்னைப் பத்தடி தள்ளி நிறுத்தினார்?

"அந்தப் பக்கம் பாருங்க."

சுவரைப் பார்த்தேன். பக்கத்து வாஷ்பேசின் குழாயை முன்னமே கொஞ்சம் திறந்துவிட்டிருந்தேன். தண்ணீர் சத்தத்துக்குச் சிலருக்கு வரும். வரவில்லை. அவர் கால் நடுங்கத் தொடங்கியது.

"தினமும் இதான் வேலையா உங்களுக்கு?"

"இதுவும்தான் மாமா."

"அருவருப்பா இருக்காது?"

"ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப இல்ல."

"என்னோடதுகூடவா?"

"உங்களோடது அருவருப்பு இல்ல மாமா. பயம். போர்வையைத் தொட்டா கோவிச்சுப்பீங்களோன்னு பயந்துட்டேன். அந்தப் பயத்துல உங்களைக் கொல்லப் பார்த்தேன்."

"நானும்தான் உங்களைப் பார்க்க விடல" என்றார். "துண்டைப் போட்டு மூடச் சொன்னவன் நான். அவ பாவம், ராத்திரியெல்லாம் தூங்காம…" அழுதார். அந்த அழுகையில் உடம்பு தளர்ந்தது போலிருக்கிறது. முதலில் சொட்டு. நின்றது. பிறகு, ஐயோ, அந்தச் சத்தம். பாட்டிலில் நுரைத்துக்கொண்டு இறங்கியது. நான் சுவரைப் பார்த்தபடியே சிரித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர்.

திரைக்கு வெளியே அத்தையின் குரல்: "வந்துடுச்சா?"

"வருது, இரு!" என்று உள்ளேயிருந்து அதட்டினார் மாமா. சர்வேயர் குரல், பழைய அதட்டல்.

ஜூன் 16, செவ்வாய்

ஸ்கேனில் பை காலி. ட்யூப் வேண்டாம் என்று எழுதிவிட்டார் டாக்டர். இவள் என் தட்டில் சாதம் போட்டுவிட்டு, நான் கேட்காமலே என் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜூன் 21, ஞாயிறு

அத்தைக்குத்தான் இன்னும் ஆறவில்லை. மாமா சொல்லிப் பார்த்துவிட்டார், நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில் கண்ணாடி சிஸ்டர் ஒரு காரியம் செய்தார். பேக்குக்கு மாட்டும் துணிப் பை தைக்க ஆள் தேடுகிறோம், உங்களுக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டாராம். அத்தை உடனே எழுந்து அளவு கேட்டிருக்கிறார். மாமா படுத்தபடியே நீளம் அகலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலை 12, ஞாயிறு

டிஸ்சார்ஜ் ஆனதிலிருந்து மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டில்தான். வாக்கர் பிடித்துக்கொண்டு அறைக்குள் நடக்கிறார். தனியாக பாத்ரூமுக்குப் போக மட்டும் இன்னும் விடவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த அதே சொந்தக்காரர்கள் இன்று வீட்டுக்கு வந்தார்கள். ஹால் நிறைய ஆள். நான் ஓரத்தில் நின்றிருந்தேன். "உக்காருங்க மாப்பிள்ளை, எவ்வளவு நேரம் நிப்பீங்க" என்றார் மாமா. உட்கார்ந்தேன். அவர் எழவில்லை.

பழைய கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார், எவனோ எல்லைக் கல்லை மாற்றி நட்ட கதை. பாதியில் நிறுத்தினார். முகத்தில் ஒரு அவசரம். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் எழுவதா வேண்டாமா என்று ஒரு கணம் பழைய குழப்பம். அதற்குள் அவரே கையை நீட்டிவிட்டார்.

"மாப்பிள்ளை, எழுப்பி விடுங்க. போகணும்."

"எங்கே கிளம்பிட்டீங்க அண்ணே, கதை பாதியில நிக்குது?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"ஒண்ணுக்கு" என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி. "வந்து சொல்றேன், இருங்க."

ஹாலில் சிரிப்பு. அவரும் சிரித்தார். என் தோளில் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு நடந்தார். நாங்கள் திரும்பி வருவதற்குள் அவருடைய டீ ஆறிப்போயிருந்தது, இவள் எடுத்துப் போய்ச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.